ஒரு கடுகின் நிறை எவ்வளவு? வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்

சமையலறைத் தராசில் ஒரு கடுகை வைத்துப் பாருங்கள். பூஜ்யம்தான் காட்டும். பத்து வைத்தாலும் அதேதான். ஒரு கிராமுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது. ஆனாலும் அந்தத் தராசோடு ஒரு ஸ்கேலும், மில்லி கோடு போட்ட ஒரு ஃபீடிங் பாட்டிலும் இருந்தால் ஒற்றைக் கடுகின் நிறையை ஓரளவு சரியாகவே சொல்லிவிடலாம். பள்ளியில் படித்த சூத்திரம்தான்: நிறை = அடர்த்தி × கனஅளவு.

படி 1: விட்டம்

ஒரு கடுகை மட்டும் ஸ்கேலில் வைத்து அளக்காதீர்கள். ஒருவர் 1.5 மில்லிமீட்டர் என்பார், இன்னொருவர் 2 என்பார். ஒரு கெட்டி அட்டையை நடுவில் மடித்தால் பள்ளம் விழும். அதில் 20 கடுகை வரிசையாக விட்டு, ஒரு பக்கத்திலிருந்து பல்குச்சியால் மெல்லத் தள்ளி நெருக்குங்கள். எனக்கு வரிசையின் நீளம் 36 மி.மீ. வந்தது. 20 ஆல் வகுத்தால் 1.8 மி.மீ.

இந்தப் படியில்தான் பொறுமை தேவை. கனஅளவில் விட்டம் மூன்று முறை பெருக்கப்படுகிறது. விட்டத்தில் 10 சதவீதம் கூட்டி அளந்துவிட்டால் விடை 33 சதவீதம் ஏறிவிடும்.

படி 2: கனஅளவு

கடுகு ஏறக்குறைய உருண்டை. விட்டத்தை மூன்று முறை பெருக்கி, 0.52 ஆல் பெருக்கினால் கோளத்தின் கனஅளவு. (π என்ற எண்ணை, அதாவது 3.14-ஐ, 6 ஆல் வகுத்தால் வருவதுதான் இந்த 0.52.) 1.8 × 1.8 × 1.8 × 0.52 = சுமார் 3.03 கன மில்லிமீட்டர்.

படி 3: அடர்த்தி

நான் முதலில் சொதப்பியது இங்கேதான். 100 மில்லி கப்பில் கடுகைத் தலைதட்டி நிரப்பி நிறுத்தேன், 68 கிராம். அப்படியானால் அடர்த்தி 0.68. சரி, எழுதிக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது: தண்ணீரைவிட அடர்த்தி குறைவென்றால் கடுகு மிதக்க வேண்டுமே, ஆனால் கடுகைக் களையும்போது நல்ல கடுகு அடியில்தானே தங்குகிறது! கப்பில் இருந்தது வெறும் கடுகு இல்லை. இடுக்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காற்று.

அந்தக் காற்றை வெளியேற்றத்தான் தண்ணீர். ஃபீடிங் பாட்டிலில் 100 மில்லி தண்ணீர் ஊற்றி, 100 கிராம் கடுகைக் கொட்டி, குமிழி போகும்வரை கிளறிவிட்டு உடனே பாருங்கள். தாமதித்தால் கடுகு ஊற ஆரம்பித்துவிடும். மட்டம் 190 பக்கம் நின்றது. ஆக, 100 கிராம் கடுகின் உண்மையான கனஅளவு 90 மில்லி. அடர்த்தி சுமார் 1.1.

படி 4: பெருக்கல்

அலகைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.1 கிராம் என்பதும் ஒரு கன மில்லிமீட்டருக்கு 1.1 மில்லிகிராம் என்பதும் ஒன்றே. மேலும் கீழும் ஆயிரத்தால் வகுத்திருக்கிறோம், அவ்வளவுதான். 3.03 × 1.1 = 3.3 மில்லிகிராம். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 300 கடுகு.

மணலுக்கும் இதே வழிதான். குவார்ட்ஸ் மணலின் அடர்த்தி 2.65, அரை மில்லிமீட்டர் மணல் சுமார் 0.17 மில்லிகிராம் வரும். அரிசிக்கு மட்டும் கோளம் ஒத்துவராது, மெல்லிய உருளையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: சரிபார்ப்பு

தெரிந்த நகைப்பட்டறை இருந்தால் 100 கடுகை எண்ணி எடுத்துப் போங்கள். பட்டறைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. எனக்கு அங்கே 0.31 கிராம் காட்டியது. அதாவது ஒன்றுக்கு 3.1. என் கணக்கு 3.3. வீட்டுக்கு வந்து பள்ளத்தில் இருந்த வரிசையை இன்னும் கொஞ்சம் நெருக்கி அளந்தேன். 35 மி.மீ.