ஆர்-134ஏ: எண்ணில் இருக்கும் வேதியியலும் அது கேட்கும் வேலையும்

ஆர்-134ஏ என்பது ஃப்ரிட்ஜைக் குளிர்விக்கும் கேஸ். அதன் சிலிண்டரில் உள்ள எண்ணோடு 90ஐக் கூட்டுங்கள். 134 + 90 = 224. முதல் இலக்கம் கார்பன், நடுவில் ஹைட்ரஜன், கடைசி ஃப்ளூரின். ஆக 2 கார்பன், 2 ஹைட்ரஜன், 4 ஃப்ளூரின். ஒற்றைப் பிணைப்பு மட்டுமே உள்ள 2 கார்பன் சேர்மத்தில் மற்ற அணுக்களுக்கு 6 இடம். இங்கே ஆறும் நிரம்பிவிட்டன. காலி இடம் மிஞ்சினால் அது குளோரினுக்கு. பழைய ஃப்ரிட்ஜ் கேஸான ஆர்-12ஐப் போட்டுப் பாருங்கள்: 12 + 90 = 102. ஒரு கார்பனுக்கு 4 இடம், ஃப்ளூரின் 2, மிச்சம் 2 குளோரின். ஆர்-410ஏ போன்ற கலவைகளுக்கும் ஆர்-600ஏ-வுக்கும் இந்தக் கணக்கு செல்லாது. கடைசியில் வரும் 'ஏ' அணுக்களின் அமைப்பைச் சொல்கிறது: ஒரு கார்பனில் 3 ஃப்ளூரின், மற்றதில் 1.

குளோரின் இல்லாததால் ஓசோன் தப்பியது. ஆனால் பழைய மினரல் ஆயிலோடு இந்த கேஸ் கலப்பதில்லை. கம்ப்ரஸரை விட்டு வெளியேறும் ஆயில் திரும்பி வராமல் எவாப்பரேட்டரில் (குளிர்விக்கும் குழாய்ச் சுருளில்) தேங்கும், கம்ப்ரஸர் வறண்டு ஜாம் ஆகும். அதனால்தான் இந்த ஃப்ரிட்ஜில் பிஓஇ (பாலியோல் எஸ்டர்) என்ற செயற்கை ஆயில். இது எஸ்டர், நீர் பட்டால் சிதைந்து அமிலமாகும், அமிலம் மோட்டார் வைண்டிங்கின் பூச்சை அரிக்கும். ஆயில் டின்னையும் திறந்த குழாயையும் 15 நிமிடத்துக்கு மேல் காற்றில் விடாதீர்கள்.

பிரேசிங் (டார்ச் சுடரால் குழாயைப் பற்றவைப்பது) செய்யும் முன் கேஸை ரிகவரி சிலிண்டரில் எடுத்துவிட்டு, நைட்ரஜன் விட்டுக் கழுவுங்கள். மிச்ச கேஸில் டார்ச் சுடர் பட்டால் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு உண்டாகும். அது நுரையீரலைப் புண்ணாக்கும். லீக் பார்க்கவும் நைட்ரஜனும் சோப்பு நீரும்தான். ஆக்சிஜனையோ அழுத்தக் காற்றையோ ஒருபோதும் ஏற்றாதீர்கள். ஆயிலோடு ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும். அழுத்தத்தில் காற்றோடு கலந்த ஆர்-134ஏ-வும் எரியக்கூடும். லீக்கைச் சுடரின் நிறத்தால் காட்டும் பழைய ஹாலைடு டார்ச் இங்கே உதவாது. அதன் சுடர் பச்சையாவதே குளோரினால்தான்.

குழாயில் ஈரத்தை உறிஞ்சும் டிரையரைக் கட்டாயம் மாற்றுங்கள். எக்ஸ்எச்-7 அல்லது எக்ஸ்எச்-9 வகை வேண்டும். ஆர்-12க்கான எக்ஸ்எச்-5 இதற்கு ஆகாது. பிஓஇ பிடித்து வைத்த நீரை வேக்யூம் பம்பால் முழுதாக எடுக்க முடியாது, அந்த வேலையை டிரையர்தான் செய்யும்.

வேக்யூமை 500 மைக்ரானுக்குக் (உள்ளே மிஞ்சும் அழுத்தத்தின் அலகு) கீழே இறக்கி, வால்வை அடைத்து 10 நிமிடம் கேஜைப் பாருங்கள். கொஞ்சம் ஏறி 1500 அளவில் நின்றுவிட்டால் உள்ளே ஈரம். நிற்காமல் ஏறினால் லீக்.

கேஸை எடை பார்த்தே ஏற்றுங்கள். லேபிளில் 110 கிராம் என்றால் 110தான். மெல்லிய கேபிலரி குழாய் உள்ள ஃப்ரிட்ஜில் 10 கிராம் கூடினாலே, கம்ப்ரஸருக்குத் திரும்பும் சக்‌ஷன் குழாயில் பனி படர ஆரம்பிக்கும். சிலிண்டரில் இருப்பது அசல்தானா என்ற சந்தேகம் வந்தால், 30 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்து அழுத்தம் பாருங்கள்: சுமார் 97 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். 150ஐத் தாண்டினால் அது ஆர்-22 என்ற வேறு கேஸாக இருக்கலாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.