இரண்டு கோடுகள், ஒரு புள்ளி: சமன்பாடுகளையும் அசமன்பாடுகளையும் வரைபடத்தில் தீர்ப்பது எப்படி?

தமிழ்நாட்டு ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் வரைபட முறை முதலில் வரும். பிறகு பிரதியிடல் முறை, நீக்கல் முறை என்று வந்ததும் பலரும் கிராப் தாளை மூடி வைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். நீக்கல் முறை விடையைக் கையில் கொடுத்துவிடும். ஆனால் விடை ஏன் ஒன்றே ஒன்றாக இருக்கிறது, சில கணக்குகளுக்கு ஏன் விடையே இல்லை என்பதைக் கண்ணால் பார்க்க வரைபடம் வேண்டும்.

கிராப் தாள், அளவுகோல், கூராகச் சீவிய பென்சில் போதும்.

டீக்கடைக் கணக்கு

ஒருவர் 2 டீ, 1 வடைக்கு 40 ரூபாய் கொடுத்தார். இன்னொருவர் அதே கடையில் 1 டீ, 3 வடைக்கு 45 ரூபாய் கொடுத்தார். ஒரு டீ என்ன விலை, ஒரு வடை என்ன விலை?

புத்தகத்தில் எக்ஸ், ஒய் என்று எழுதுவோம். இங்கே டீயின் விலையை ‘ட’ என்றும் வடையின் விலையை ‘வ’ என்றும் வைத்துக்கொள்வோம்.

2ட + வ = 40
ட + 3வ = 45

முதல் பில்லை மட்டும் பாருங்கள். டீ 12, வடை 16 என்றாலும் மொத்தம் 40 வரும். டீ 18, வடை 4 என்றாலும் 40தான். இப்படிப் பொருந்தும் ஜோடிகள் எல்லாவற்றையும் புள்ளிகளாக வைத்தால் அவை ஒரே நேர்கோட்டில் வரிசையாக உட்காரும். கோடு என்பது அந்தச் சமன்பாட்டின் தீர்வுகள் எல்லாம் சேர்ந்தது. இது மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் கைவேலைதான்.

முதலில் அச்சுகளை வரையுங்கள். கிடை அச்சில் ட, செங்குத்து அச்சில் வ. இரண்டிலும் 1 செ.மீ. = 5 ரூபாய் என்று அளவுத்திட்டம் எடுத்து, தாளின் மேல் மூலையில் எழுதிவிடுங்கள்.

அடுத்து புள்ளிகள். ட = 0 என்றால் வ = 40; வ = 0 என்றால் ட = 20. ஆக (0, 40), (20, 0). கோடு போட இரண்டு புள்ளி போதும், ஆனாலும் மூன்றாவதாக ஒன்று எடுங்கள்: ட = 10 என்றால் வ = 20. மூன்றும் ஒரே கோட்டில் வராவிட்டால் எங்கோ கணக்குத் தப்பியிருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது சமன்பாட்டுக்கு (0, 15), (45, 0), சரிபார்க்க (30, 5). இந்தக் கோட்டையும் வரைந்தால் இரண்டும் (15, 10) என்ற புள்ளியில் வெட்டும். அந்தப் புள்ளி இரண்டு கோட்டிலும் இருப்பதால் இரண்டு பில்லுக்கும் பொருந்தும். டீ 15 ரூபாய், வடை 10 ரூபாய்.

இதோடு நிறுத்தாமல் விடையைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்: 30 + 10 = 40, 15 + 30 = 45. இந்தப் படியை விடவே கூடாது. கிராப் தாளில் 12.3 என்ற விடையைத் துல்லியமாகப் படிக்க முடியாது. கோடுகள் மிகக் குறுகிய கோணத்தில் வெட்டினால் இன்னும் சிக்கல்: பென்சில் கோட்டின் தடிமனே வெட்டும் புள்ளியை நகர்த்திக் காட்டிவிடும்.

எப்போதும் வெட்டுமா? வெட்டாது. இரண்டாவது பில் 4 டீ, 2 வடைக்கு 90 ரூபாய் என்று இருந்தால் கோடுகள் இணையாகப் போகும், தீர்வு இல்லை. முதல் பில்லின்படி அதற்கு 80 ரூபாய்தானே ஆக வேண்டும்? விலை மாறியிருக்கும், அல்லது பில் தப்பு. அதே பில் 80 ரூபாய் என்றால் ஒரு கோட்டின் மேலேயே இன்னொரு கோடு பொருந்தும், எண்ணற்ற தீர்வுகள். இரண்டாவது பில் புதிதாக எதையுமே சொல்லவில்லை.

அசமன்பாடு: கோட்டின் ஒரு பக்கம் முழுவதும்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சமக்குறிக்குப் பதிலாக ≤ (அதற்குச் சமம் அல்லது குறைவு), ≥ (அதற்குச் சமம் அல்லது அதிகம்) போன்ற குறி வந்தால் அது அசமன்பாடு. வீட்டில் தையல் வேலை செய்யும் ஒருவருக்கு பிளவுஸ் ஒன்றுக்கு 2 மணி நேரம், சுடிதார் ஒன்றுக்கு 3 மணி நேரம் ஆகிறது. வாரத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் மிஷினில் உட்கார முடியாது. ஹெம்மிங் செய்து ஹூக் வைத்துத் தரும் உதவியாளர் வாரத்துக்கு 10 உருப்படிதான் முடிப்பார். பிளவுஸ் எண்ணிக்கை ப, சுடிதார் எண்ணிக்கை ச:

2ப + 3ச ≤ 24
ப + ச ≤ 10
ப ≥ 0, ச ≥ 0

கிடை அச்சில் ப, செங்குத்து அச்சில் ச. முதலில் ≤ குறியை = என்று நினைத்துக்கொண்டு கோடு வரையுங்கள். முதல் கோடு (12, 0), (0, 8) வழியாகவும், இரண்டாவது (10, 0), (0, 10) வழியாகவும் போகும். குறியில் சமமும் சேர்ந்திருப்பதால் முழுக்கோடு. வெறும் < அல்லது > என்றால் கோடு தீர்வில் சேராது; அதைக் காட்டக் கோட்டை இடைவெளி விட்டு விட்டு வரைய வேண்டும்.

எந்தப் பக்கம் என்பதற்கு (0, 0) என்ற ஆதிப்புள்ளியைப் போட்டுப் பாருங்கள். 0 ≤ 24, சரி. ஆகவே ஆதிப்புள்ளி இருக்கும் பக்கமே நம் பக்கம். இரண்டாவதற்கும் அப்படியே. கோடே ஆதிப்புள்ளி வழியாகப் போனால் (1, 0) போல வேறொரு புள்ளியை எடுங்கள்.

“≥ வந்தால் கோட்டுக்கு மேலே” என்று மனப்பாடம் செய்வது ஆபத்து. ப − ச ≥ 2 என்பதற்கு (0, 0) பொருந்தாது. தீர்வு கோட்டுக்குக் கீழே, வலப்பக்கம் இருக்கிறது. புள்ளியைப் போட்டுப் பார்ப்பது ஒருபோதும் ஏமாற்றாது.

நிழலிடும்போது நான் பரிந்துரைப்பது, வேண்டாத பக்கத்தைக் கோடுபோட்டு அடித்துவிடுவது. கடைசியில் வெள்ளையாக மிஞ்சுவதே தீர்வுப் பகுதி. தேர்வில் மட்டும், தீர்வுப் பகுதியை நிழலிடச் சொன்னால் அப்படியே செய்யுங்கள்.

மிஞ்சியது ஒரு நாற்கரம். அதன் மூலைகள் (0, 0), (10, 0), (6, 4), (0, 8). உள்ளேயும் எல்லையிலும் உள்ள எந்தப் புள்ளியும் நிபந்தனைகளுக்குப் பொருந்தும். ஆனால் அரை பிளவுஸ் தைக்க முடியாது என்பதால் முழு எண் புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

பிளவுஸுக்கு 100 ரூபாய், சுடிதாருக்கு 130 ரூபாய் கையில் நிற்கும் என்றால் எத்தனை எத்தனை தைப்பது நல்லது? 100ப + 130ச = 520 என்ற கோட்டை (0, 4), (5.2, 0) வழியாக வரைந்து, அளவுகோலை அதற்கு இணையாகவே மேலே நகர்த்துங்கள். நகர நகர வருமானம் கூடும். பகுதியை விட்டு வெளியேறும் முன் அளவுகோல் கடைசியாகத் தொடும் இடம் ஒரு மூலையாகவே இருக்கும். அதனால் மூலைகளைச் சோதித்தால் போதும்: (10, 0) தருவது 1,000, (0, 8) தருவது 1,040, (6, 4) தருவது 1,120 ரூபாய். 6 பிளவுஸ், 4 சுடிதார்.

இப்படி நேர்கோட்டு நிபந்தனைகளுக்குள் சிறந்த விடையைத் தேடும் நேரியல் திட்டமிடல் என்ற துறையே இந்த இடத்திலிருந்துதான் விரிகிறது. 1939இல் லெனின்கிராடில் ஒட்டுப்பலகை உற்பத்தி பற்றிய கேள்வியில் தொடங்கி சோவியத் கணிதவியலாளர் லியோனிட் கண்டரோவிச் இத்தகைய கணக்குகளை ஆராய்ந்தார். 1975இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1947இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜார்ஜ் டான்சிக் வகுத்த சிம்ப்ளெக்ஸ் முறை மூலைக்கு மூலை நகர்ந்தே விடை தேடுகிறது. மாறிகள் நூறானால் தாளில் வரைய முடியாது, ஆனால் நடப்பது இதேதான்.

கையால் ஓரிரு கணக்கு போட்டபின், கணினியில் வரைபடம் போட்டுத் தரும் ஜியோஜீப்ராவிலோ டெஸ்மாஸிலோ எக்ஸ், ஒய் வைத்துத் தட்டிப் பாருங்கள். நிழலையும் அதுவே போட்டுவிடும்.

பயிற்சிக்கு ஒன்று: சுடிதாரில் நிற்பது 160 ரூபாயானால் சிறந்த மூலை (0, 8)க்குத் தாவும். சரியாக 150 ஆனால்? (6, 4), (3, 6), (0, 8) மூன்றிலும் வருமானத்தைக் கணக்கிட்டுவிட்டு, அளவுகோலை மறுபடி நகர்த்திப் பாருங்கள்.