விமான டிக்கெட்டோடு இலவச கார், இலவச ஹெலிகாப்டர்: கிருஷ்ணகிரிக்காரருக்கு மிச்சம் எவ்வளவு? கணக்குப் போடும் முறை

பிசினஸ் கிளாஸ் எடுத்தால் வாசலுக்கே கார் வரும், சில ஊர்களில் ஹெலிகாப்டரிலேயே கொண்டுபோய் விடுவார்கள் என்று விளம்பரம் சொல்லும். பெங்களூரு விமான நிலையமான தேவனஹள்ளியில் விமானம் ஏறும் கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்களுக்கு அதில் எத்தனை ரூபாய் மிஞ்சும் என்று பார்ப்போம். தாளும் பேனாவும் போதும். ஐந்து வரிக் கணக்குக்கு எக்செல் எதற்கு?

படி 1: விலை வித்தியாசத்தை எழுதுங்கள்

ஒரே விமானம், ஒரே தேதி. சலுகை உள்ள கட்டணம், இல்லாத கட்டணம் இரண்டையும் எழுதுங்கள். விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே பாருங்கள். இடைத்தரகுத் தளங்களில் ‘பிசினஸ்’ என்று மட்டும் இருக்கும், அதற்குள் எந்த வகை என்பது கண்ணில் படாது. அந்த வகைதான் முக்கியம். எமிரேட்ஸ் 2019-ல் கொண்டுவந்த ‘ஸ்பெஷல்’ பிசினஸ் கட்டணத்தில் காரும் கிடையாது, லவுஞ்சும் (விமான நிலைய ஓய்வுக்கூடம்) கிடையாது. பிசினஸ்தானே என்று வாங்கிவிட்டு, காருக்கு பதிவு செய்யப் போகும்போதுதான் பலருக்கு இது தெரிகிறது.

2025 செப்டம்பர் 22 முதல் எகானமி அல்லாத டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், எகானமிக்கு 5. அதனால் வரியோடு சேர்ந்த மொத்தத் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். ‘இலவச’ காருக்கும் வரி கட்டுவது நீங்கள்தான்.

படி 2: சலுகை இல்லாமல் போனால் என்ன செலவு?

கிருஷ்ணகிரியிலிருந்து விமான நிலையம் சுமார் 125 கி.மீ., தர்மபுரியிலிருந்து சுமார் 170. டிராப் டாக்ஸி (ஒருவழிக்கு மட்டும் காசு வாங்கும் வண்டி) கி.மீ.க்கு 14 ரூபாய், குறைந்தபட்சம் 130 கி.மீ., டிரைவர் பேட்டா 400 என்று வைத்துக்கொள்வோம். டோலுக்கும் கர்நாடக பர்மிட்டுக்கும் 700. கிருஷ்ணகிரிக்கு 1,820 + 400 + 700 = 2,920. தர்மபுரிக்கு 2,380 + 400 + 700 = 3,480. உங்கள் ஊர் டிராவல்ஸ் சொல்லும் ரேட்டைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 3: கி.மீ. வரம்பு (எல்லோரும் சறுக்கும் இடம்)

இலவச கார் என்பது எவ்வளவு தூரத்துக்கும் வரும் கார் அல்ல. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஒரு தூர வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் கூடுதல் கி.மீ.க்குப் பணம், அல்லது பதிவே ஏற்காது. டிக்கெட் வாங்கும் முன் நிபந்தனைப் பக்கத்தில் பெங்களூருக்கான வரம்பைத் தேடிப் படியுங்கள்.

வரம்பு 80 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் கிருஷ்ணகிரிக்கு வராது. ஓசூர் அந்த வரம்பின் விளிம்பில் நிற்கும். ஆனால் கர்நாடக வண்டி தமிழ்நாட்டுக்குள் வர பர்மிட் கேள்வி எழும். அகில இந்திய பர்மிட் உள்ள வண்டிக்குத் தொல்லையில்லை, ஆனால் எந்த வண்டியை அனுப்புவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. ஆகவே ஏறும் இடத்தை மாநில எல்லையான அத்திப்பள்ளிக்கு அப்பால், எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு ஓட்டல் முகவரியாகக் கொடுப்பதுதான் பத்திரம்.

சரி, எலக்ட்ரானிக் சிட்டி வரை போவது எப்படி? அது கிருஷ்ணகிரியிலிருந்து எழுபது கி.மீ. சொச்சம்தான். ஆனால் டிராப் டாக்ஸிக்காரர் 130 கி.மீ.க்குத்தான் காசு வாங்குவார். பாதி வழியில் இறங்கினாலும் அதே 1,820, அதே பேட்டா. விமான நிலையச் சாலையில் உள்ள சாதஹள்ளி டோல் மட்டும் மிச்சம்! தர்மபுரியிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி சுமார் 120 கி.மீ.; அதுவும் குறைந்தபட்சத்துக்குள் அடங்குவதால் மிஞ்சுவது 2,380 − 1,820 = 560, அதோடு அந்த டோல்.

பெங்களூரு பஸ்ஸில் போய் எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்குபவருக்குக் கொஞ்சம் லாபம் உண்டு. அங்கிருந்து விமான நிலையத்துக்கு வாயு வஜ்ரா ஏ.சி. பஸ்ஸில் போக ஆகும் செலவு மிஞ்சும், பெட்டியைத் தூக்கி ஏற்றும் பாடும் குறையும். வழியனுப்ப மாமா, சித்தி, பிள்ளைகள் என்று வீட்டு வண்டியில் ஐந்து பேர் எப்படியும் கிளம்பப் போகிறார்கள் என்றால் சலுகையின் மதிப்பு பூஜ்யம். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

படி 4: ஹெலிகாப்டர்

பெங்களூரில் 2018 மார்ச்சில் தும்பி ஏவியேஷன் எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து விமான நிலையத்துக்கு ஹெலிடாக்ஸி தொடங்கியது. பெல் 407 ரக ஹெலிகாப்டர், சுமார் 15 நிமிடம், ஜிஎஸ்டி சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம். பெட்டி 15 கிலோ வரைதான் விட்டார்கள். மாம்பழ சீசனில் பத்து கிலோ பெட்டி ஒன்றை எடுத்தால் துணிக்கு மிஞ்சுவது ஐந்து கிலோ. மற்ற பெட்டிகளுக்குத் தனி கார் வைக்க வேண்டும், அதே காரில் நீங்களும் போய்விடலாமே.

அடுத்தது நேரம். பெல் 407 ஒற்றை எஞ்சின் வண்டி. பகலில், கண்ணுக்குத் தெரியும் வானிலையில்தான் ஓட்டுவார்கள். வளைகுடா விமானங்கள் பலவும் விடியலுக்கு முன்பே கிளம்பிவிடும். மார்கழி, தை மாதங்களில் தேவனஹள்ளியில் காலைப் பனி கெட்டி. ஓடுபாதையில் கருவி வசதி இருப்பதால் விமானம் இறங்கும், ஏறும், ஹெலிகாப்டர் நிற்கும். கடைசி நிமிடத்தில் காரில் அனுப்புவார்கள், அதுவும் ஹெப்பால் நெரிசல் நேரத்தில்.

வெளிநாட்டில் மதிப்புள்ள இடங்கள் உண்டு. நீஸ் – மொனாக்கோ 7 நிமிடம், சாலையில் அரை மணிக்கு மேல். ஆனால் நியூயார்க்கில் மன்ஹாட்டன் – ஜேஎஃப்கே இடையே 2006-ல் தொடங்கிய யுஎஸ் ஹெலிகாப்டர் 2009 செப்டம்பரில் நின்றே போனது. பறக்கவிடுவது விமான நிறுவனம் அல்ல, வேறொரு கம்பெனி. ‘சேவை இல்லையென்றால் மாற்று என்ன’ என்ற வரி நிபந்தனையில் இருக்கிறதா பாருங்கள்.

படி 5: கழித்துப் பாருங்கள்

படி 1-ன் வித்தியாசத்திலிருந்து படி 3-ல் உண்மையில் மிஞ்சியதைக் கழியுங்கள். வித்தியாசம் 12,000 என்றால் மீதி பதினோராயிரத்துக்கு மேல். அதற்கு லவுஞ்ச், கூடுதல் கிலோ, தேதி மாற்றும் வசதி ஈடாகுமா என்பதே கேள்வி. கூடுதல் கிலோதான் நம் ஊர்க்காரர்களுக்குக் கைமேல் பலன்.

பின்சேர்க்கை: பலரும் கேட்டது. திரும்பி வரும்போதும் கார் உண்டா? உண்டு, ஆனால் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். போகும்போது செய்தது வரும்போது செல்லாது. குறைந்தது இரண்டு நாள் முன்பே செய்துவிடுங்கள். சாலை நேரத்தைக் கூகுள் மேப்பில் பார்ப்பவர்கள் புறப்படும் நேரத்தை மாற்றிப் போட்டுப் பாருங்கள். இரவு பத்து மணிக்குப் பார்த்த நேரம் காலை எட்டுக்கு ஆகாது. நெரிசல் நேரம் என்றால் ஓசூரிலிருந்து பாகலூர், மாலூர், ஓசகோட்டே, புதிகெரே வழி. தூரம் கொஞ்சம் கூடினாலும் சில்க் போர்டும் இல்லை, ஹெப்பாலும் இல்லை. எந்த வழி என்பதை முன்பணம் கொடுக்கும்போதே டிரைவரிடம் பேசிவிடுங்கள்.