திங்கட்கிழமை வரை தாங்கும் சந்தோஷம்: ஆராதனையை எங்கிருந்து தொடங்குவது

கன்வென்ஷன் பந்தலில் மூன்று நாள் உட்கார்ந்துவிட்டு வந்தால் மனசு நிறைந்து வழியும். நான்காம் நாள் காலையில் கூட்ட நெரிசலில் பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது அந்த நிறைவு எங்கே போனதென்றே தெரியாது. உடனே "எனக்கு விசுவாசம் போதாது" என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பந்தலில் பாட்டும் மைக்கும் ஆயிரம் பேருடைய குரலும் சேர்ந்து கிளப்பிய உணர்ச்சி அது. வடியத்தான் செய்யும், அதற்கு யாரும் பொறுப்பில்லை. இங்கே சொல்லப் போவது அது வடிந்த பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றி.

புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு எழுதிய கடிதம் நான்கே அதிகாரம், அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள் என்று அதில் திரும்பத் திரும்பச் சொல்கிற மனுஷன் அப்போது காவலில் கிடந்தார். எந்த நிலைமையிலும் மனரம்மியமாக, அதாவது மனநிறைவோடு, இருக்கத் தான் கற்றுக்கொண்டதாகவும் அதே கடிதத்தில் எழுதுகிறார். பவுலுக்கே கற்றுத்தான் வந்தது என்றால் நமக்கு மட்டும் ஒரே கூட்டத்தில் வந்துவிடுமா? தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக வேண்டிய விஷயம் இது.

முதலில் சங்கீதம், அதாவது வேதாகமத்தில் இருக்கிற ஜெபப் பாட்டுகளின் புத்தகம். ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை, ரெண்டு நிமிஷத்தில் மனசு கரண்ட் பில்லுக்கும் ஆபீஸுக்கும் ஓடிவிடுகிறது என்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் வார்த்தைகளை அங்கே ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள். மொத்தம் 150 சங்கீதங்கள். அன்றைய தேதியை எடுத்துக்கொள்ளுங்கள், அதோடு முப்பது முப்பதாகக் கூட்டுங்கள். தேதி 13 என்றால் 13, 43, 73, 103, 133. ஐந்தையும் படித்தால் ஒரு மாதத்தில் முழுப் புத்தகமும் முடிந்துவிடும். தொடக்கத்தில் ஐந்தும் வேண்டாம். ஐந்தின் முதல் சில வசனங்களை மேலோட்டமாகப் பார்த்து, அன்றைய மனநிலைக்கு ஒட்டுகிற ஒன்றை மட்டும் எடுங்கள். 29ஆம் தேதி மட்டும் ஜாக்கிரதை, 119ஆம் சங்கீதம் வந்து மாட்டும், 176 வசனம். அதை 31ஆம் தேதிக்குத் தள்ளிவிடுங்கள், அன்றைக்கு வேறு எதுவும் இல்லை.

அந்த 13ஆம் தேதியையே பாருங்கள். 13ஆம் சங்கீதம் ஆறே வசனம்தான், முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு தடவை "எதுவரைக்கும்" என்று கடவுளைக் கேட்கிறது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் முகத்தை மறைப்பீர் என்று நேருக்கு நேராக, கொஞ்சமும் பூசி மெழுகாமல். 43இல் பாடுகிறவர் தன் ஆத்துமாவிடமே பேசுகிறார், ஏன் கலங்குகிறாய் என்று. 73இல் அதைப் பாடிய ஆசாப் வெளிப்படையாகப் பொறாமைப்படுகிறார்: அக்கிரமம் செய்கிறவன் கொழுத்துத் திரிகிறான், நான் கையைச் சுத்தமாக வைத்திருந்து என்ன கண்டேன் என்கிறார். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அடுத்தவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வராத ராத்திரிக்கு அது அப்படியே பொருந்தும். 103 நன்றிப் பாட்டு. 133 மூன்றே வசனம், சகோதரர் ஒருமித்து வாசம் பண்ணுவதைப் பற்றி. ஒரே தேதிக்குள் இத்தனை விதமான மனசும் இருக்கிறது.

வாய்விட்டுப் படியுங்கள், இது முக்கியம். கண்ணால் ஓட்டினால் பத்து வினாடியில் முடிந்துவிடும், மனசில் ஒன்றும் ஒட்டாது. உதடு அசையட்டும், வீட்டில் மற்றவர்கள் தூங்கினால் முணுமுணுப்பாகவாவது. படிக்கும்போது எந்த வரியில் நாக்கு தடுக்குகிறதோ, எந்த வரி சுருக்கென்று படுகிறதோ, அங்கே நின்று அந்த வரியையே உங்கள் சொந்த விஷயத்தை வைத்துத் திருப்பிச் சொல்லுங்கள். சத்துரு என்று வருகிற இடத்தில் மேனேஜர் முகம் ஞாபகம் வந்தால் வரட்டும், அதையும் கடவுளிடமே சொல்லிவிடலாம், அவருக்குத் தெரியாததா.

இதில் ஒரு விஷயத்தை நம் சபைகளில் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பது எனக்கு ஒரு மனக்குறை: புலம்புவதற்கு அனுமதி உண்டு. சங்கீதங்களில் பெரும் பங்கு புலம்பல்தான். 88ஆம் சங்கீதம் ஒரு நன்றி வார்த்தைகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் கடவுள் செய்த நன்மையைச் சபை முன்னால் சொல்கிற சாட்சி நேரத்தில் நம் ஊரில் எழுந்து நிற்கிறவர் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்த பிறகுதான் நிற்க வேண்டும் என்று ஒரு எழுதப்படாத சட்டம் இருக்கிறது. கடன் அடையாதவர், குழந்தை இல்லாதவர், கணவர் குடியை விடாதவர் எல்லாம் பின்வரிசையில் உட்கார்ந்து கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போய் அழுகிறார்கள். நீங்கள் அந்த வரிசையில் இருந்தால், அழுவதை ஜெபத்துக்குள்ளேயே அழுங்கள். சிரித்த முகத்தை வெளியே ஒட்டி வைத்துக்கொண்டு தேடுகிற சந்தோஷம் நிற்காது.

அப்புறம் இதையும் சொல்லியாக வேண்டும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் உபவாச ஜெபத்துக்குப் பெயர் கொடுப்பதோடு நிறுத்தாதீர்கள், டாக்டரைப் பாருங்கள். "ஜெபக் குறைவால் வந்தது" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். மிஷனெரி மருத்துவமனையாகத் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியே (சி.எம்.சி.) பாகாயத்தில் மனநல மையம் நடத்துகிறது. மாத்திரையும் ஜெபமும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

ஞாயிறு ஆராதனைக்கு வருவோம். பாதிப் பேர் பிரசங்கத்துக்கு மார்க் போடத்தான் போகிறோம், போதகர் ஐயர் நன்றாகப் பேசினார், இன்றைக்கு இழுத்துவிட்டார் என்று. பிரசங்கம் சுமாராக இருக்கிற ஞாயிறுகள் வரத்தான் செய்யும். ஆராதனை முறைமையில் அதைத் தவிர எவ்வளவோ இருக்கிறது: பாவ அறிக்கை, மன்னிப்பின் வார்த்தை, விசுவாசப் பிரமாணம், மற்றவர்களுக்கான ஜெபம், திருவிருந்து. மணி அடிப்பதற்குப் பத்து நிமிஷம் முன்னால் போய் உட்காருங்கள். அந்த வாரத்தில் யாரிடம் கத்தினோம், எதை மறைத்தோம் என்று யோசித்து வைத்தால், எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது உங்களுடையதும் அதில் கலந்து போகும். அடுத்து மன்னிப்பைக் கேட்கும்போது எதற்கான மன்னிப்பு என்று தெரிந்திருக்கும். ஓடிப்போய்க் கடைசி பெஞ்சில் மூச்சிரைக்க உட்கார்ந்தால் இது எதுவும் நடக்காது.

தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானது, அதன் நற்கருணை (திருவிருந்து) வழிபாட்டு முறை 1950இல் வந்தது. அதில் சமாதானத்தைக் கைக்குக் கை கொடுக்கிற பழக்கம் ஒன்று இருக்கிறது. கூப்பிய கைகளை ஒருவர் நீட்ட, மற்றவர் தன் இரண்டு உள்ளங்கைக்குள் அதைப் பிடித்துவிட்டு அடுத்தவரிடம் திரும்புவார். பல சபைகளில் இப்போது இது பட்டும் படாமலும் ஒரு தலையாட்டலாகச் சுருங்கிவிட்டது. நீங்கள் ஒழுங்காகச் செய்யுங்கள். பக்கத்தில் நிற்பவரோடு சபைத் தேர்தலில் முட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது, கை கொடுக்கும்போது ஏதோ ஒன்று இளகும். இளகாவிட்டாலும் அடுத்த வாரம் மறுபடி கொடுக்க வேண்டி வரும்.

பாட்டுக்குக் குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை. கிறிஸ்தவப் பாட்டுகள் எழுதிய தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் காலத்திலிருந்து நமக்குக் கீர்த்தனைகள் உண்டு, அவர் 1864இல் இறந்தார், அவர் பாட்டுகளை இன்றைக்கும் சபைகளில் பாடுகிறோம். கீர்த்தனையா, கிட்டார் பாட்டா என்று வீட்டுக்கு வீடு ஒரு சண்டை நடக்கிறது. என்னைக் கேட்டால் இரண்டும் இருக்கட்டும், ஆனால் ஒன்றிரண்டு பாட்டை முழுதாக மனப்பாடம் செய்து வையுங்கள். ஸ்கிரீனைப் பார்த்துப் பாடியது ஆஸ்பத்திரி வராந்தாவில் உதவாது. பிலிப்பி பட்டணத்துச் சிறையில் நடுராத்திரியில் பவுலும் சீலாவும் துதித்துப் பாடியபோது கையில் பாட்டுப் புத்தகம் இருந்திருக்காது, காலைத் தொழுமரத்தில் மாட்டி வைத்திருந்தார்கள்.

வீட்டு ஜெபத்தை நீட்டாதீர்கள். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், ஆளுக்கு ஒரு வாக்கியம் ஜெபம், பத்து நிமிஷத்தில் முடியட்டும். அப்பா முக்கால் மணி நேரம் ஜெபித்த வீடுகளில் பிள்ளைகள் தூங்கத்தான் கற்றுக்கொண்டன.

சரி, நோக்கம். "தேவன் என்னை எதற்காகப் படைத்தார்" என்று கேட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் ஒரு குரலுக்குக் காத்திருக்கிறவர்கள் உண்டு. புது வருஷ ராத்திரியில் வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது எரேமியா 29:11 வந்தால் ஒரே கொண்டாட்டம், சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று. அந்த வசனத்தை அட்டையோடு விடாமல் அதிகாரத்தைத் திறந்து மேலே படியுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. எழுபது வருஷம் ஆகும் என்கிறது முந்தின வசனம். அதுவரைக்கும் என்ன செய்வதாம்? வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற அந்த அந்நியப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம் பண்ணுங்கள். பிடிக்காத ஊரில் பிடிக்காத வேலையில் இருக்கிறவருக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

ஐடா ஸ்கடர் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்க மிஷனெரி வீட்டுப் பெண். இந்தியாவில் மிஷனெரியாக வாழ்வதில்லை என்ற தீர்மானத்தோடு இருந்தவர். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள், மனைவிக்குப் பிரசவ வலி, வந்து பாருங்கள் என்று. அப்பா டாக்டர், ஆனால் ஆண் டாக்டர் தொடக்கூடாது என்றார்கள். இவருக்கோ வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி வந்து 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி.

எல்லாருக்கும் அப்படி ஒரு ராத்திரி வராது. ஆனாலும் கதவு தட்டப்படுவது தினமும் நடக்கிறது, நாம் அதைத் தொந்தரவு என்ற கணக்கில் எழுதிவிடுகிறோம். ஆகவே ஒரு காரியம் செய்யுங்கள்: இந்த மாதத்தில் யார் யார் எதற்கு உங்களிடம் வந்து கேட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பேங்க் ஃபார்ம் நிரப்பித் தரச் சொன்ன பாட்டி, கணக்குப் பாடம் கேட்ட எதிர்வீட்டுப் பையன், ஆஸ்பத்திரிக்குத் துணைக்குக் கூப்பிட்டவர். ஒரே மாதிரி உதவி திரும்பத் திரும்ப வந்தால் அதில் ஒன்றைப் பிடித்து, ஒரு ஆளுக்கு, மூன்று மாதம் விடாமல் செய்யுங்கள். நற்செய்திப் பணி, ஊழியம் என்று பெரிய பெயர் எல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பணம் கொடுக்கிற விஷயத்திலும் இப்படித்தான். தென்மாவட்டச் சபைகளில் பிடி அரிசிக் காணிக்கை என்று ஒன்று உண்டு. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைத்துச் சபைக்குக் கொண்டுவருவார்கள். வசதியான வீடுகள் மட்டும் செய்ததில்லை அது. 1903இல் பாளையங்கோட்டையில், பின்னாளில் பிஷப்பான அசரியா போன்றவர்கள் சேர்ந்து இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது வெளிநாட்டுப் பணத்தைத் தேடிப் போகாமல் உள்ளூர்க் காணிக்கையை நம்பித்தான் இறங்கினார்கள். கொடுத்தால் நூறு மடங்காக வரும் என்று யாராவது மைக்கில் கணக்குச் சொன்னால் அந்த இடத்தில் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள். திரும்பி வராது என்று தெரிந்தே கொடுக்கும்போது மனசு லேசாவது தனி அனுபவம், கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஒருவேளை சபையாலேயே காயப்பட்டு விலகி நிற்கிறீர்கள் என்றால் நேரே ஞாயிறு ஆராதனைக்கு வாருங்கள் என்று சொல்லமாட்டேன். வீட்டில் சங்கீதத்தோடு தொடங்குங்கள், நம்பிக்கையான ஒரு ஆளோடு வாரம் ஒருமுறை உட்கார்ந்து ஜெபியுங்கள், பிறகு வேறொரு சபையில் பின்வரிசையில் போய் உட்கார்ந்து பாருங்கள், யாரும் கேள்வி கேட்காத இடமாக இருந்தால் நல்லது. பழைய சபைக்கே திரும்பியாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.