உலகமயமாக்கல் வறுமையைக் குறைத்ததா? வங்கதேசத்தை வைத்து ஆராயும் முறை

உலகமயமாக்கல் ஏழைகளுக்கு நல்லதா, கெட்டதா என்று பொதுப்படக் கேட்டால், அவரவர் முன்பே முடிவு செய்துவைத்த பதில்தான் திரும்பக் கிடைக்கும். ஆகவே முதல் வேலை, கேள்வியை ஒரு நாடு, ஒரு சரக்கு, ஒரு காலப்பகுதி என்று சுருக்கிக்கொள்வது. இங்கே வங்கதேசத்தின் ஆயத்த ஆடைத் தொழிலை எடுத்துக்கொள்வோம். திருப்பூரின் போட்டியாளர் என்பதால் நமக்கு அது தொலைவான கதையும் அல்ல.

அந்தத் தொழிலுக்குச் சந்தைக் கதவு எப்படித் திறந்தது என்று அடுத்துப் பாருங்கள். 1974-இல் நடைமுறைக்கு வந்த பல்லிழை ஒப்பந்தம், தென்கொரியா போன்ற நாடுகள் பணக்கார நாடுகளுக்கு அனுப்பக்கூடிய ஆடைகளுக்கு ஒதுக்கீட்டு வரம்பு வைத்தது. வரம்பில் சிக்காத இடம் தேடிய கொரிய நிறுவனமான டேவூ, தேஷ் கார்மென்ட்ஸ் என்ற வங்கதேச நிறுவனத்துடன் கைகோத்து, 1979-இல் அதன் ஊழியர்கள் 130 பேருக்குத் தென்கொரியாவின் பூசான் நகரில் பயிற்சி அளித்தது. அவர்களில் பெரும்பாலோர் பின்னர் விலகிச் சொந்தத் தொழில் தொடங்கியோ வேறு ஆலைகளில் சேர்ந்தோ கற்றதைப் பரப்பினார்கள். இத்தொழிலை வளர்த்தது தடையற்ற வணிகம் என்பார்கள். உண்மையில் அது முளைவிட்டதே வணிகத் தடை ஒன்றின் இடுக்கில்தான்.

பிறகு வறுமைக் கணக்குக்கு வாருங்கள். தேசிய வறுமைக்கோட்டின்படி வங்கதேசத்தில் ஏழைகளின் பங்கு 2000-இல் 48.9 சதவீதம், 2010-இல் 31.5, 2016-இல் 24.3. 2022-ஆம் ஆண்டின் 18.7 சதவீதத்தை இவ்வரிசையில் அப்படியே சேர்த்துவிடக் கூடாது. அந்தக் கணக்கெடுப்பில் கோடு திருத்தி அமைக்கப்பட்டது. உலக வங்கியின் கோடும் இப்படித்தான்: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 1.90 டாலராக இருந்தது 2022-இல் 2.15 ஆகி, 2025-இல் 3 டாலராயிற்று. எந்தக் கோடு, எந்த ஆண்டு விலை என்று எழுதாத வறுமை எண்ணை நான் நம்புவதில்லை.

இனித்தான் கடினமான பகுதி. ஏற்றுமதி ஏறியது, வறுமை இறங்கியது என்ற இரண்டு கோடுகளை அருகருகே வரைந்துவிட்டு, ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று எழுதுவதே மிகுதியாகக் காணப்படும் தவறு. அதே ஆண்டுகளில் நிலத்தடி நீரை இறைத்துப் பயிரிட்ட போரோ எனும் வறண்ட பருவ நெல்லின் விளைச்சல் பெருகியது. வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போனவர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்பினார்கள். குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்து, ஒவ்வொரு வருமானத்தையும் நம்பியிருந்த வாய்களும் குறைந்தன. இவற்றில் அயல்நாட்டுப் பணம் உலகமயமாக்கலின் கணக்கில்தான் வரும், ஆனால் ஆடை ஆலையின் கணக்கில் வராது. ஆகவே ஒரு குடும்பத்தின் வருமானம் எந்தெந்த வழியில் வந்தது என்று பிரித்துக் காட்டும் குடும்பச் செலவுக் கணக்கெடுப்புகளை முதலில் தேடுங்கள். நாட்டின் மொத்த உற்பத்தி எண்கள் இந்தக் கேள்விக்கு உதவாது.

கூலியைப் பார்க்கும்போது எந்த நாணயத்தில் கணக்கிடுகிறோம் என்பது முடிவையே மாற்றிவிடும். ஆடைத் தொழிலாளரின் குறைந்தபட்ச மாதக் கூலி 2018-இல் 8,000 டாக்காவாகவும் (தலைநகரின் பெயர்போலவே எழுதப்படும் வங்கதேச நாணயம்) 2023-இல் 12,500 டாக்காவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. இது டாக்காவில் 56 சதவீத உயர்வு. இடையில் டாக்காவின் மதிப்பு சரிந்ததால், டாலரில் அது ஏறத்தாழ 95-இலிருந்து 113 ஆனது மட்டுமே, அதாவது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கே ஏற்றம். வாங்கும் நிறுவனம் டாலரில் கணக்குப் பார்க்கிறது. தொழிலாளி அரிசிக்கும் வாடகைக்கும் டாக்காவில் கொடுக்கிறார். ஆகவே அரிசி விலையோடும், ஆடை ஆலைகள் நிறைந்த சாவர், காசிப்பூர் பகுதிகளின் அறை வாடகையோடும் கூலியை ஒப்பிட்டால்தான் அது உண்மையில் எவ்வளவு உயர்ந்தது என்று தெரியும்.

இறக்குமதியால் இழந்தவர்களையும் தேட வேண்டும். அதற்குக் கரீபியன் நாடான ஹெய்ட்டியைப் பாருங்கள். அங்கே 1995-இல் அரிசி மீதான வரி 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும் மலிவான அமெரிக்க அரிசி குவிந்து, உள்ளூர் நெல் விவசாயம் நொடித்தது. அந்தக் கொள்கையை ஆதரித்த முன்னாள் அமெரிக்க அதிபர் பில் கிளின்டனே 2010-இல் அது தவறு என்று ஒப்புக்கொண்டார்.

கடைசியாக, இடர் யார் தலையில் விழுகிறது என்று கேளுங்கள். 2013 ஏப்ரல் 24 அன்று சாவரில் ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வறுமை விகிதத்தில் அதற்கு இடமில்லை. 2020 மார்ச்சில் பெருந்தொற்று பரவியபோது வெளிநாட்டு நிறுவனங்கள் ஆர்டர்களை நிறுத்தின, ரத்தும் செய்தன. ஏப்ரல் தொடக்கத்தில் ஆலைகள் திறக்கின்றன என்று கேள்விப்பட்டு, பேருந்துகள் ஓடாத சாலைகளில் ஆயிரக்கணக்கானோர் தலைநகர் டாக்காவை நோக்கி நடந்தார்கள். குடும்பச் செலவுக் கணக்கெடுப்புகளோ 2016-இலும் 2022-இலும் நடந்தன. இடையில் விழுந்து எழுந்தவர்களைத் தேட நீங்கள் அந்த அட்டவணைகளை விட்டு வெளியேதான் போக வேண்டியிருக்கும்.