எஃப்எம்ஆர்ஐ பயிற்சி: வண்ணப் படத்துக்கு முன்பே நடக்கும் தவறுகள்

சென்னையில் எஃப்எம்ஆர்ஐ (மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காந்தத்தால் படம் எடுக்கும் ஸ்கேன்) பயிற்சி நடத்துபவர்கள் செய்யும் பெரிய தவறு, முதல் நாளே மென்பொருளைத் திறப்பது. எதை அழுத்தினால் மூளைப் படத்தில் சிவப்புத் திட்டு வரும் என்பது மாலைக்குள் பிடிபட்டுவிடும். அந்தத் திட்டு என்ன என்று கேட்டால் ஆராய்ச்சி மாணவரும் முழிப்பார், மருத்துவரும் முழிப்பார்.

நரம்பணுக்களின் வேலையை அது நேரடியாகக் காட்டுவதில்லை. வேலை நடக்கும் இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்வதால் ஆக்சிஜன் அளவு மாறுகிறது. படத்தில் தெரிவது அதுதான். இந்த மாற்றம் உச்சத்தைத் தொட 5, 6 நொடி ஆகும். ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா 1990-இல் இதை எலி மூளையில் காட்டினார். ஆக, ரத்த ஓட்டத்தை மாற்றும் எதுவும் படத்தை மாற்றும், காலையில் குடித்த ஃபில்டர் காபி உட்பட. குடித்தாரா என்று கேட்டு எழுதி வைக்கப் பலருக்குத் தோன்றுவதில்லை.

காபியாவது பரவாயில்லை. மூளைக் கட்டியை ஒட்டிய ரத்தக் குழாய்கள் இயல்பாக இயங்காமல் போகலாம். அப்போது மொழிப் பகுதி நன்றாக வேலை செய்தாலும் அங்கே வண்ணம் வராது. ‘வண்ணம் இல்லை, அந்த இடத்தையும் வெட்டி எடுத்துவிடலாம்’ என்று முடிவு கட்டினால் நோயாளியின் பேச்சே போய்விடக்கூடும். திட்டின் விளிம்பையும் நம்பி அளக்க முடியாது. எந்த அளவுக்கு மேல் வண்ணம் போடலாம் என்ற வரம்பைச் சற்றுத் தளர்த்தினால் அதே திட்டு வீங்கும். சந்தேகமுள்ள இடத்தை அறுவையின்போது மின்தூண்டல் கொடுத்துத்தான் சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது, மொழிப் பகுதியைக் கண்டுபிடிக்க ஸ்கேனுக்குள் நோயாளிக்குக் கொடுக்கும் வேலை. ஆங்கிலத்தில் ‘எஃப்’ எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லச் சொல்வார்கள். நம்மவர்கள் அதைச் சும்மா ‘ப’ என்று மாற்றிவிடுகிறார்கள். பல், பட்டம் மட்டுமா, இல்லை பாம்பும் பூனையும் சேருமா? நோயாளி இப்படிக் குழம்பும் நேரமும் சேர்ந்தே பதிவாகும். பள்ளிக்கூடம் போகாதவரிடம் எழுத்தே வேண்டாம், காய்கறிப் பெயர்களைக் கேளுங்கள். வீட்டில் தெலுங்கோ உருதோ பேசுபவர் என்றால் அந்த மொழியிலும் ஒருமுறை சோதிக்க வேண்டும். ‘மனசுக்குள்ளேயே சொல்லுங்க’ என்பதை வெளியே உட்கார வைத்து நாலு தடவை பழக்கிவிடுங்கள். வாய் அசைந்தால் தலையும் அசையும். படத்தின் ஒரு புள்ளியே பெரும்பாலும் 3 மில்லிமீட்டர்தான். அசைவை மென்பொருள் முழுதாகச் சரிசெய்துவிடாது.

பாதுகாப்புப் பாடத்தை ஒரு படிவத்தோடு முடித்துவிடுகிறார்கள். ‘நகை போட்டிருக்கீங்களா?’ என்றால் ‘கழட்டிட்டேன்’ என்பார் அம்மா. தாலிச் சரட்டில் நாலு ஊக்கு தொங்கும். அது அவருக்கு நகைக் கணக்கில் வராது. ஸ்கேன் ஓடாத நேரத்திலும் காந்தம் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். ஊக்கு, மெட்டி, அரைஞாண், தாயத்து என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

புள்ளியியலுக்கு ஒரு கணக்கு போதும். லட்சம் புள்ளிகளை 5 சதவீதம் தவறலாம் என்ற வரம்பில் சோதித்தால் ஏறக்குறைய 5,000 புள்ளிகள் ஒன்றுமே இல்லாமல் ஒளிரும். 2009-இல் கிரெய்க் பென்னட் குழு செத்த சால்மன் மீனை ஸ்கேன் செய்து, இப்படித் தற்செயலாக ஒளிர்பவற்றை வடிகட்டும் திருத்தம் செய்யாத கணக்கில் அதன் மூளையும் ‘வேலை செய்வதாக’க் காட்டியது. மீன் கதைக்கு எல்லாரும் சிரிப்பார்கள். அப்புறம் தங்கள் தரவில் திருத்தத்தை விட்டுவிடுவார்கள்.

கடைசியாக, இடம் வலம். கதிரியக்கப் படத்தில் நோயாளியின் வலப்பக்கம் நமக்கு இடப்பக்கமாகத் தெரியும். சில ஆராய்ச்சி மென்பொருள்கள் நேர்மாறாகக் காட்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் வைட்டமின் ஈ மாத்திரை ஒன்றை வலது நெற்றிப்பொட்டில் ஒட்டி ஸ்கேன் செய்தால் அது வெள்ளைப் பொட்டாகத் தெரியும், அந்தப் பக்கம்தான் வலம்.