பாத்டப் ஓரத்து வெள்ளைக் கோடு: எந்த சீலன்ட் வாங்குவது?

புது வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லோரும் சமையலறையையும் ஜன்னலையும் பார்ப்பார்கள். நீங்கள் நேரே குளியலறைக்குப் போய்க் குனிந்து, பாத்டப்பும் டைல்ஸும் சேரும் இடத்தைப் பாருங்கள். ரப்பர் மாதிரி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். இடுக்கை அடைக்கப் பூசுகிற சீலன்ட் அதுதான். அது கறுத்திருக்கிறதா? ஒரு பக்கம் பிரிந்து, நகம் நுழைகிற அளவுக்கு வாய் திறந்திருக்கிறதா? அப்படியானால் பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்பே படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். வீட்டைக் காலி செய்கிற நாளில் அந்தப் பழி உங்கள் தலையில் விழாது.

இவ்வளவு மெனக்கெட ஒரு காரணம் இருக்கிறது. வெளிநாட்டில் நாம் குடிபோகும் வீடுகளில் பலவற்றில் டைல்ஸுக்குப் பின்னால் செங்கல் கிடையாது. மரச்சட்டம், அதன் மேல் பலகை, அதன் மேல் டைல்ஸ், அவ்வளவுதான். ஷவருக்கு வெளியே தரையில் தண்ணீர் இறங்க வழியே இல்லாத குளியலறைகளும் நிறைய. செங்கல் சுவர் என்றால் ஓதம் சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும். மரச்சட்டம் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் ஊறும். கீழ்வீட்டு உட்கூரையில் பழுப்பு வட்டம் விழுந்த பிறகுதான் விஷயமே வெளியே வரும்.

டைல்ஸோ, நடுவில் பூசுகிற கிரவுட்டோ தண்ணீரை முழுதாகத் தடுப்பதில்லை. டைல்ஸுக்கு அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் படலம்தான் அந்த வேலையைச் செய்கிறது. அப்படியானால் சீலன்ட் எதற்கு? சுவரும் சுவரும் சேரும் மூலை, சுவரும் தரையும் சேரும் விளிம்பு, பாத்டப்பின் ஓரம் ஆகிய இடங்கள் கொஞ்சம் அசைந்துகொண்டே இருக்கும். சூடு, ஈரம், நம் உடல் எடை எல்லாம் அதில் சேர்த்தி. கிரவுட் சிமென்ட் சாமான், வளையாது, விரிசல் விடும். வளைந்து கொடுக்கிற ஒன்று அங்கே வேண்டும். மூலையில் கிரவுட் திரும்பத் திரும்ப வெடிக்கிறது என்றால் மறுபடி கிரவுட் பூசாதீர்கள், அது சீலன்ட் போட வேண்டிய இடம்.

சரி, கடைக்குப் போனால் ஒரு சுவர் முழுக்க சீலன்ட் அடைத்த குழாய்களாக நிற்கும். குளியலறைப் படம் போட்டதை எல்லாம் நம்பிவிடாதீர்கள். தண்ணீரில் கரைத்த அக்ரிலிக் மேல் பெயின்ட் அடிக்கலாம், கையைக் கழுவவும் சுலபம், ஆனால் காய்ந்தால் சுருங்கும், தினமும் நனையும் ஷவருக்குள் நிற்காது. ‘சிலிகான் கலந்த அக்ரிலிக்’ என்று ஒன்று பக்கத்திலேயே இருக்கும். பெயரில் சிலிகான் இருந்தாலும் அது அக்ரிலிக்தான். ஷவருக்கு ‘100% சிலிகான்’ என்று எழுதியதை எடுங்கள். சீலன்ட், சீலர் என்ற இரண்டு சொற்களிலும் ஏமாந்துவிடாதீர்கள். சீலர் என்பது கிரவுட் மேல் தடவினால் ஊறி உள்ளே போகிற திரவம், அது இடுக்கை அடைக்காது.

சிலிகானிலும் இரண்டு சாதி. ஒன்று காயும்போது வினிகர் வாடை அடிக்கும், அசிட்டிக் அமிலம் வெளியேறுவதால் வருவது. கண்ணாடியிலும் பளபளப்பான பீங்கான் டைல்ஸிலும் இது கெட்டியாகப் பிடிக்கும். ஆனால் மார்பிள், சுண்ணாம்புக்கல், சிமென்ட், பித்தளை, துத்தநாகம் பூசிய இரும்பு, முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பூச்சு இவற்றுக்கு அந்த அமிலம் ஆகாது. அங்கெல்லாம் இரண்டாவதான, அந்த அமிலத்தை விடாத ‘நியூட்ரல்’ வகைதான் சரி. இயற்கைக் கல் பதித்த வீடு என்றால் இன்னும் ஒரு படி கவனம் வேண்டும். சாதாரண சிலிகானிலிருந்து எண்ணெய்ப் பசை கல்லுக்குள் இறங்கி ஓரமெல்லாம் கறையாக நிற்கும், எதைத் தேய்த்தாலும் போகாது. கல்லுக்கென்றே தனிக் குழாய் விற்கிறார்கள், அதை வாங்குங்கள்.

எம்எஸ் பாலிமர் என்ற கலப்பு வகையும் உண்டு. ஒட்டவும் செய்யும், அடைக்கவும் செய்யும், லேசான ஈரத்திலும் பிடிக்கும், மேலே பெயின்டும் ஏறும். ஒரு பலகையையோ சட்டத்தையோ சுவரில் ஒட்டி, அதே கையோடு விளிம்பையும் அடைக்க வேண்டும் என்றால் எனக்கு இதுதான் பிடிக்கும். தினமும் நனையும் மூலைக்கு மட்டும் நான் இன்னும் சிலிகானை விடவில்லை. பாலியுரேத்தேன் என்ற இன்னொரு வகை கல்லைப் போலப் பிடிக்கும், வெயில் பட்டால் மஞ்சளாகும். அதைக் குளியலறைக்குள் கொண்டுவர வேண்டாம்.

குழாயின் பின்பக்கப் பொடி எழுத்தையும் படியுங்கள். ‘சானிட்டரி’ என்று இருந்தால் பூஞ்சைக்கொல்லி சேர்த்திருக்கிறார்கள். மீன்தொட்டி சிலிகானில் அது இருக்காது, மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஐரோப்பியத் தரம் இஎன் 15651-3 போட்டிருந்தால் அதில் எக்ஸ்எஸ்1 என்பதுதான் பூஞ்சையை எதிர்ப்பதில் மேல் வகுப்பு. ஐஎஸ்ஓ 11600, ஏஎஸ்டிஎம் சி920 ஆகிய தரங்களில் 25 என்ற எண் வந்தால், இடுக்கு கால் பங்கு விரிந்தாலும் சுருங்கினாலும் தாங்கும் என்று அர்த்தம். கடைசியாகக் காலாவதி தேதி. பழசானது காயாமல் பிசுபிசுவென்றே கிடக்கும்.

நான் முதன்முதலில் செய்த வேலையைச் சொல்கிறேன். கறுத்துப்போன பழைய கோட்டின் மேலேயே புது சிலிகானை இழுத்துவிட்டேன். பார்க்க ஜோராக இருந்தது. ஆறு வாரம் கழித்து ஒரு முனை தூக்கிக்கொண்டு நின்றது. பிடித்து இழுத்தேன், மொத்தக் கோடும் நூல் மாதிரி கையோடு வந்துவிட்டது. அடியில் பழைய கறுப்பு அப்படியே, இன்னும் கொஞ்சம் செழிப்பாக. கறுத்துப்போன பழைய சிலிகான் மேல் புது சிலிகானும் சரியாக ஒட்டாது என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

அதனால் வேலையில் பெரும்பங்கு சுரண்டல்தான். பிளேடால் இரண்டு பக்கமும் கீறி, உரித்து, மிச்சத்தை சிலிகான் ரிமூவர் போட்டுச் சுரண்டுங்கள். பூஞ்சை இருந்தால் பிளீச் தடவிக் கழுவுங்கள். பிளீச்சோடு ஆசிட்டையோ அமோனியா உள்ள எதையுமோ சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். அப்புறம் ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். விரல் வைத்தால் வழுக்கக் கூடாது.

பாத்டப் ஓரம் என்றால் முதலில் டப்பில் தண்ணீர் நிரப்பிவிடுங்கள். அக்ரிலிக் டப் பாரத்தில் சற்றே கீழே இறங்கும், இடுக்கு அகலும். அந்த அகலத்தில் பூசினால்தான் பின்னால் நீங்கள் ஏறி உட்காரும்போது கோடு கிழியாது. இடுக்கு ஆழமாக இருந்தால் அடியில் நுரைக்கயிறு ஒன்றை அழுத்திவிட்டு மேலே பூசுங்கள். சிலிகான் இரண்டு பக்கச் சுவரில் மட்டும் ஒட்ட வேண்டும், அடியிலும் ஒட்டிக்கொண்டால் நீள முடியாமல் பிய்யும். 310 மில்லி குழாய், 6 மில்லிமீட்டர் அகலமும் அதே ஆழமும் உள்ள இடுக்கில் எட்டு மீட்டருக்குச் சற்று மேல் வரும். சாதாரணக் குளியலறைக்கு ஒன்றோ இரண்டோ போதும்.

இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, நிறுத்தாமல் ஒரே இழுப்பாகப் போடுங்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே தடவை வழித்துவிட்டு உடனே டேப்பை உரித்துவிடுங்கள். பத்து நிமிஷம் போனால் மேலே தோல் கட்டிவிடும், அப்புறம் உரித்தால் ஓரமெல்லாம் பிசிறு. ஷவர் கண்ணாடித் தடுப்புக்குப் பொதுவாக வெளிப்பக்கம் மட்டும்தான் பூசுவார்கள். உள்பக்கத்தையும் அடைத்தால் சட்டத்துக்குள் புகுந்த தண்ணீர் திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே நாறும்.

சிலிகான் காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் காயும், ஒரு நாளைக்கு 2, 3 மில்லிமீட்டர் ஆழம். ஒரு நாளாவது குளிக்காமல் இருங்கள், கோடு தடிமனாக இருந்தால் இரண்டு நாள். வாடகை வீடு என்றால் இதையெல்லாம் தொடங்கும் முன் அனுமதி கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டைல்ஸைத் தட்டினால் வெற்றோசை கேட்கிறது, அழுத்தினால் உள்ளே போகிறது என்றால் சீலன்ட் குழாயை மூடி வைத்துவிட்டு வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். பின்னால் பலகை நைந்திருக்கலாம், நீங்கள் மேலே பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

டப்பில் நிரப்பிய தண்ணீரைக் கோடு காய்ந்த பிறகுதான் திறந்துவிட வேண்டும். வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எங்கள் வீட்டில் ஒருவர், யாரோ மறந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்து, அரை மணி நேரத்தில் அடைப்பானைப் பிடுங்கிவிட்டார்.